ரேடியோவில் பிடித்த பாட்டு

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். திருமங்கலத்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு 74 வயது. கண் பார்வை குறைந்துவிட்டதால் பகல் முழுக்கப் பாட்டுதான் துணை. பக்கத்து செல்போன் கடையில் 300 ரூபாய்க்கு ஆயிரம் பழைய பாட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் மகளோ, அது திருட்டு, தாத்தாவுக்கு அதை வாங்கித் தராதீர்கள் என்கிறாள். அப்படியானால் ரேடியோவில் வரும் பாட்டை நாமே பதிவு செய்துகொண்டால் சட்டப்படி சரியா, டிஜிட்டல் ரேடியோ வருகிறதாமே, அதில் பதிவு செய்தால் சிடி மாதிரி இருக்குமா என்று கேட்கிறீர்கள். சட்டம் விடுமா, சத்தம் நன்றாக இருக்குமா என்பவை நீங்கள் கேட்டவை. இவ்வளவு பாடுபட்டால் அப்பாவுக்கு வேண்டியது கிடைக்குமா என்பதை நீங்கள் கேட்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் இதைச் சொல்ல என்ன தகுதி என்றால், 1986-இல் இருந்து பதிமூன்று வருடம் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன். நோட்டுத் தாளில் பாட்டு வரிசையை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு, ஏழு பாட்டு அடங்கும். ஏழாவது பாட்டின் கடைசிச் சரணத்தில் நாடா தீர்ந்துபோகும் என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள். அந்தத் தொழிலே சட்டப்படி தப்பு. தெரியாமல் செய்தோம் என்று சொல்ல மாட்டேன், பாதி தெரிந்துதான் செய்தோம். ஒருநாள் கடைக்குச் சோதனை வந்தது. முதலாளிக்கு இரண்டு டெக்கும் ஒரு அலமாரிக் கேசட்டும் போயிற்று. அந்த வழக்குக்காக வக்கீல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் பதிப்புரிமைச் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒலிப்பதிவுக் கூடத்தில் எடிட்டிங் வேலை, இப்போது அதையே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு என்று வந்துவிட்டால் என் பேச்சை நம்பி நிற்காதீர்கள்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். நம் நாட்டில் இதற்கான சட்டம் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ரேடியோவில் ஒரு பாட்டு வரும்போது அதில் உரிமைகள் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். வரி ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, அதைத் தட்டாகவோ கேசட்டாகவோ வெளியிட்ட ஒலிப்பதிவு ஒரு கம்பெனியுடையது, பாடியவருக்கென்று ஒரு உரிமை. இவை போக, ஒலிபரப்பிய நிலையத்துக்கும் தனியாக ஒரு உரிமை உண்டு. அதைச் சொல்வது 37-ஆம் பிரிவு. ஒலிபரப்பு நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 25 ஆண்டுகள் அந்த உரிமை நிலையத்திடம் இருக்கும். அதன்படி அனுமதி இல்லாமல் ஒலிபரப்பைப் பதிவு செய்வதே மீறல். இதோடு புத்தகத்தை மூடி வைத்தால் பயந்துவிடுவீர்கள். இரண்டு பிரிவு தள்ளி 39 வருகிறது. பதிவு செய்பவர் தன் சொந்த உபயோகத்துக்காகச் செய்யும் ஒலிப்பதிவு, நிலையத்தின் உரிமையையும் பாடியவரின் உரிமையையும் மீறியதாகாது என்று அது நேராகவே சொல்கிறது. பாடம் நடத்தவும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதையும் அதே வரியில் விட்டுக்கொடுக்கிறது. ஆக ரேடியோ நிலையம் உங்கள் மேல் வழக்குப் போட வழியில்லை. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மிச்சம் இருப்பது வரி, மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்று தோல்கள். அவற்றுக்கு 52-ஆம் பிரிவின் முதல் வரியைப் பார்க்க வேண்டும். தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாண்டால் அது மீறல் ஆகாது என்பது அதன் சாரம். இதில் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. முன்பு இந்தச் சலுகை எழுத்து, நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்குத்தான் இருந்தது. இசை என்றால் மெட்டு. கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவு அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது நாங்கள் கடை நடத்திய காலத்தில், நீங்கள் வீட்டில் டூ-இன்-ஒன்னில் இலங்கை வானொலியைப் பிடித்துப் பாட்டைப் பதிவு செய்திருந்தால்கூட, மெட்டுக்குச் சலுகை, ஒலிப்பதிவுக்கு இல்லை என்று கறாராகப் பேச ஒரு வக்கீலுக்கு இடம் இருந்தது. தமிழ்நாட்டில் அதைச் செய்யாத வீடு எது? 2012-இல் வந்த திருத்தம், கணினி நிரல் தவிர எந்தப் படைப்புக்கும் இந்தச் சலுகை உண்டு என்று மாற்றிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் 21 முதல் அது அமலில் இருக்கிறது.

இனி சந்தேகமான பகுதி. நியாயமான முறையில் என்றால் எவ்வளவு? சட்டம் அதற்கு அளவு எதுவும் வைக்கவில்லை. வழக்குக்கு வழக்கு நீதிபதி பார்த்து முடிவு செய்ய வேண்டியது. ராத்திரி ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியைப் பதிவு செய்து காலையில் அப்பா கேட்கிறார் என்றால் அது நியாயமானது என்று தயங்காமல் சொல்வேன். அதே ஆள் ஒரு கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிட்டு, பாட்டை மட்டும் தானாக வெட்டி எடுக்கும் நிரலைப் போட்டு, ஐயாயிரம் பாட்டு நூலகம் சேர்த்தால்? சொந்த உபயோகம்தானே என்று அவர் சொல்லலாம். கடையில் வாங்க வேண்டியதை வாங்காமல் இருக்கத்தானே இது என்று கம்பெனி சொல்லலாம். இரண்டு பேச்சிலும் சத்து இருக்கிறது. அமெரிக்காவில் இதே தகராறு நடந்தது. அங்கே எக்ஸ்எம் என்ற செயற்கைக்கோள் ரேடியோ, பாட்டைப் பாட்டாகப் பிரித்துச் சேமித்து வைக்கும் கையடக்கக் கருவி ஒன்றை 2006-இல் விற்பனைக்கு விட்டது. இது ரேடியோ இல்லை, கடை என்று சொல்லி இசைத்தட்டுக் கம்பெனிகள் வழக்குப் போட்டன. பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். கேட்பவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை, கருவியை விற்றவர் மேல்தான் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வீட்டில் பதிவு செய்வதும், பதிவு செய்வதை ஒரு கம்பெனி தொழிலாக்குவதும் வேறு வேறு விஷயம். நம் ஊரிலும் 2019-இல் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு செல்போன் பாட்டுச் செயலி, எங்கள் வாடிக்கையாளர் பாட்டை இறக்கி வைத்துக்கொள்வது அவருடைய சொந்த உபயோகம்தானே என்று வாதாடிப் பார்த்தது. பணத்துக்கு விற்றுவிட்டுச் சொந்த உபயோகம் என்று பேச முடியாது என்று நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது.

எங்கே கோட்டைத் தாண்டுகிறோம் என்பதில் மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை. பதிவு செய்ததை மச்சானுக்கு ஒரு காப்பி, வாட்ஸ்அப் குழுவில் ஒரு காப்பி, யூடியூபில் ஏற்றி நாலு பேர் கேட்கட்டும் என்பதெல்லாம் சொந்த உபயோகத்தில் சேராது. தெருமுனை டீக்கடையில் போட்டால் அது பொதுவெளி, அதற்கு லைசென்ஸ் வேண்டும். செல்போன் கடைக்காரர் செய்வது எங்கள் பழைய கடை செய்ததேதான், நாடாவுக்குப் பதில் பென்டிரைவ். 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், 2004-இல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தார்கள். அதன் விளக்கத்தில் படம் மட்டும் இல்லை, படத்தின் ஒலித்தடம் அடங்கிய பதிவும் வருகிறது. சினிமாப் பாட்டு அதற்குள்தான். முன்னூறு ரூபாய்க்கு அந்தத் தம்பி எடுக்கும் ஆபத்து அவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். உங்கள் மகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

கல்யாண வீட்டில் போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள், அதனால் ஒரு வரி. மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டத்திலும் பாட்டு ஒலிபரப்ப லைசென்ஸ் வேண்டாம் என்று 52-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. மண்டபங்களில் வசூல் தகராறு அதிகமானதால் மத்திய அரசு 2023 ஜூலையில் இதை அறிவிப்பாகவும் சொன்னது. காதுகுத்து அதில் சேருமா என்பதை மதுரைக்காரர்கள்தான் ஒருநாள் கோர்ட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டு வர வேண்டும்.

இன்னொன்றையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய பாட்டுதானே, காலம் தீர்ந்திருக்கும் என்பார்கள். ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளியான தட்டு என்றால் 2020 முடிவோடு அந்தத் தட்டின் உரிமை தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. அவற்றை உண்டாக்கியவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் இருந்து 60. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-இல் போய்விட்டார், ஆக அவர் வரிகளின் காலம் 2019-உடன் முடிந்தது. ஆனால் அந்த வரிக்கு மெட்டுப் போட்டது விசுவநாதன் – ராமமூர்த்தி என்றால், விசுவநாதன் மறைந்தது 2015. அந்த மெட்டு 2075 முடியும் வரை உரிமைக்கு உட்பட்டதுதான். ஒரே பாட்டில் ஒரு தோல் உதிர்ந்திருக்கும், ஒரு தோல் பச்சையாக இருக்கும். உங்கள் அப்பா கேட்கும் ஐம்பது, அறுபதுகளின் பாட்டுகள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கின்றன.

சரி, டிஜிட்டல் ரேடியோவுக்கு வருவோம். மதுரைக்கு அது ஏற்கெனவே ஒருமுறை வந்துவிட்டுப் போயிற்று. வேர்ல்ட்ஸ்பேஸ் என்று ஒரு செயற்கைக்கோள் ரேடியோ இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மாடியில் வானத்தைப் பார்த்து ஒரு தட்டையான சதுர ஆன்டெனா, கீழே ஒரு சின்னப் பெட்டி, சந்தா கட்ட வேண்டும். அதில் கே.எல். ரேடியோ என்று தமிழுக்கு ஒரு அலைவரிசை. விளம்பரம் இல்லை, வளவளப் பேச்சு இல்லை, பாட்டு முழுசாக வரும். 2009 டிசம்பர் 31-உடன் இந்தியாவில் அதை மூடிவிட்டார்கள். அந்தக் கடைசி வாரம் என் வாடிக்கையாளர் ஒருவர் பெட்டியின் லைன் அவுட்டில், அதாவது சத்தம் வெளியே வரும் துளையில், வயரைக் குத்திக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து ஏழு நாளும் இரவு பகலாகப் பதிவு செய்தார். நான்தான் போய் லெவல், அதாவது பதிவாகும் சத்தத்தின் அளவு, வைத்துக் கொடுத்தேன். அந்தக் கோப்புகளை இன்றைக்கும் கேட்கிறார். யாருக்கும் தந்ததில்லை, எனக்கும்கூட.

இப்போது பேசப்படும் டிஜிட்டல் ரேடியோ வேறு. அகில இந்திய வானொலி மத்திய அலையில், அதாவது மீடியம் வேவில், டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையைக் கொண்டுவந்தது. புதுக் கார்கள் சிலவற்றில் அதற்கான ரேடியோ இருக்கிறது, வீட்டில் வைக்கும் பெட்டிதான் அரிது. தனியார் எஃப்எம்மை டிஜிட்டலாக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 அக்டோபரில் தந்த பரிந்துரையில் சென்னை உள்ளிட்ட 13 பெரிய நகரங்கள் இருக்கின்றன. மதுரை இல்லை. ஆகவே உங்கள் அப்பாவுக்காக அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

டிஜிட்டல் என்றாலே சிடி என்ற எண்ணத்தையும் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். சிடியில் நொடிக்கு 1411 கிலோபிட் தகவல் ஓடுகிறது. மத்திய அலை டிஆர்எம்மில் சுமார் 20, 30 கிலோபிட்தான் அடங்கும். பேச்சு தெளிவாக இருக்கும், கரகரப்பு இருக்காது, தாளக்கருவியின் ஜிங் சத்தம் மட்டும் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி கேட்கும். இங்கிலாந்தில் டிஜிட்டல் ரேடியோ வந்தபோது பாட்டு நிலையங்களுக்கே 128 கிலோபிட் கொடுத்துவிட்டு, சிடி தரம் என்று விளம்பரம் செய்ததில் பலருக்குக் கோபம். நம் சாதாரண எஃப்எம் 15 ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சத்தத்தைக் கொண்டுவரும். 74 வயதுக் காதுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்காது. என் காதுக்கே கேட்பதில்லை. ஐம்பதுகளின் ஒலிப்பதிவில் அதற்கு மேல் பெரிதாக எதுவும் இருப்பதும் இல்லை.

நம் ஊரில் இன்றைக்குச் சுலபமாகக் கிடைக்கும் டிஜிட்டல் ரேடியோ, யாரும் அந்தப் பேரில் கூப்பிடாத ஒன்று. அது டிடி ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் கிடையாது. டிவி சேனல்களுக்குப் பின்னால் அகில இந்திய வானொலியின் அலைவரிசைகள் வரிசையாக இருக்கும். தமிழ் இருக்கிறது, விவித பாரதி இருக்கிறது, கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கென்றே 2016 ஜனவரி 26-இல் தொடங்கிய ராகம் இருக்கிறது. செட்டாப் பெட்டியில் யுஎஸ்பி துளையும் ரெக்கார்ட் பொத்தானும் இருந்தால் பென்டிரைவைச் செருகி அப்படியே பதிவு செய்யலாம். வானத்தில் இருந்து வந்த தகவலை அது மாற்றாமல் எழுதி வைப்பதால் பதிவில் தரம் கொஞ்சமும் குறையாது. பெட்டிக்குப் பெட்டி இது மாறும். சிலவற்றில் டிவி மட்டும் பதிவாகும், ரேடியோவில் பொத்தான் வேலை செய்யாது. வாங்கும் முன்னால் கடையிலேயே அழுத்திப் பாருங்கள். சந்தா கட்டும் டிஷ் பெட்டிகளின் பதிவு பூட்டுப் போட்டது, அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் ஓடாது. அதை உடைக்கும் வேலைக்குப் போக வேண்டாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 65ஏ பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை இருக்கிறது.

வானொலியின் செயலி வழியாக, அதாவது இணையத்தில் வருவதைப் பதிவு செய்தால்? தொழில்நுட்பமாக அது இன்னும் சுலபம். சட்டத்தில் கொஞ்சம் வழுக்கும் இடம். 39-ஆம் பிரிவு ஒலிபரப்பு என்ற சொல்லின் மேல் நிற்கிறது. மேலே சொன்ன மும்பை வழக்கில், உரிமையாளர் சம்மதத்துக்குக் காத்திராமல் கட்டணம் கட்டிப் பாட்டுப் போட வானொலிகளுக்கு வழிவிடும் லைசென்ஸ் பிரிவு இணையத்துக்குப் பொருந்தாது என்றுதான் தீர்ப்பு வந்தது. அது வேறு பிரிவு என்றாலும், இணையத்தில் ஓடுவதும் ரேடியோவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்ள முடியாது என்பதை அது காட்டுகிறது. அலையில் வருவதைப் பிடியுங்கள் என்பதே என் யோசனை.

அலையில் பிடிக்க மதுரைப் பக்கம் உள்ளவர்களுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. மதுரை வானொலி 103.3-இல் இருக்கிறது. அதோடு கோடைப் பண்பலை 100.5. கொடைக்கானல் மலைமேல் இருந்து வருவதால் கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை இறங்கி வரும். திருமங்கலத்தில் மொட்டை மாடியில் இருந்து பார்த்தால் மலை வடமேற்கில் இருக்கும். ரேடியோவின் இழுப்புக் கம்பியை நம்பாமல் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் இரட்டை வயரில் நாலைந்து மீட்டர் எடுத்து, ஒரு முனையில் இரண்டு இழையையும் 71 சென்டிமீட்டர் வரை பிரித்து, டி எழுத்து மாதிரி ஒரு மூங்கில் குச்சியில் விரித்துக் கட்டுங்கள். 71 என்பது 100.5-க்கான அலைநீளத்தில் கால் பங்கு, கொஞ்சம் குறைத்து. குச்சியின் அகலப் பக்கம் மலையைப் பார்க்க வேண்டும். படுக்கையாக வைத்தும் நிமிர்த்தி வைத்தும் கேட்டுவிட்டு எது சுத்தமாக வருகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். என் வீட்டில் இருபது ரூபாய் வயரில் கட்டியது பத்து வருடமாகத் தொங்குகிறது. காக்கா உட்காராதவரை பிரச்சினை இல்லை.

பதிவு செய்யும்போது எல்லாரும் தவறும் இடம் லெவல். ரேடியோவின் ஹெட்போன் துளையில் இருந்து கம்ப்யூட்டருக்கு வயர் கொடுத்து, ஆடாசிட்டி என்ற இலவச நிரலைத் திறந்து, சத்தத்தின் உச்சம் மைனஸ் ஆறு டெசிபலைத் தொட்டுத் திரும்புகிற மாதிரி வையுங்கள். கேசட் காலத்துப் பழக்கத்தில் முள்ளைச் சிவப்புக்கு ஏற்றினால் கெட்டது. நாடா அதைப் பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் அப்படியே தலையை வெட்டிவிடும், பிறகு எந்த வித்தையாலும் ஒட்ட முடியாது. லேப்டாப்பின் ஒற்றைத் துளை பெரும்பாலும் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்தது, பிரிப்பு வயர் போட்டு மைக் வழியாகக் கொடுத்தால் இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகிவிடும். அறுபதுகளின் பாட்டுக்கு அதனால் நஷ்டமில்லை, இளையராஜா காலத்துப் பாட்டுக்கு லைன் இன், அதாவது இரண்டு பக்கச் சத்தத்தையும் தனித்தனியாக வாங்கும் துளை, உள்ள சின்ன சவுண்ட் கார்டு ஒன்று வாங்குங்கள். உர்ரென்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், முக்கால்வாசி அதோடு நின்றுவிடும். மிச்சம் மலிவு எல்இடி பல்பின் வேலையாக இருக்கும். ஒரு மணி நேரத்தைச் சுருக்காமல் வைத்தால் 635 எம்பி, 128 கிலோபிட் எம்பி3-ஆக வைத்தால் 58 எம்பி. வெட்ட வேண்டியதை எல்லாம் சுருக்கும் முன்னால் வெட்டிவிடுங்கள். சுருக்கியதைத் திறந்து திரும்பச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும்.

இவ்வளவு வேண்டாம் என்றால் எஃப்எம்மும் மெமரி கார்டும் ரெக்கார்ட் பொத்தானும் ஒன்றாக உள்ள கையடக்க ரேடியோ மலிவாகக் கிடைக்கிறது. தரம் சுமார்தான். அப்பாவுக்கு அது போதும் என்றே நினைக்கிறேன். உங்கள் செல்போனிலேயே எஃப்எம் இருந்தால் அதில் பெரும்பாலும் பதிவும் இருக்கும். எஃப்எம் வசதியை எடுக்காதீர்கள் என்று 2023-இல் மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு அறிவுறுத்திய பிறகும் பல போன்களில் அதைக் காணோம்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஆயிரம் பாட்டுக்கு இது நல்ல வழியா? இல்லை. தனியார் எஃப்எம்மில் ஒரு மணி நேரத்தில், விளம்பரமும் தொகுப்பாளர் பேச்சும் மேலே விழாத முழுப் பாட்டு எட்டு கிடைத்தால் பெரிது. ஒரே பாட்டு திரும்பத் திரும்ப வருவதைக் கழிக்காமலே 125 மணி நேரம் ஆகும். முகப்பு இசை மேல் பேசுவதும், கடைசிச் சரணத்தில் அமுக்கி விளம்பரத்துக்குப் போவதும் பதிவு செய்பவனைத் தடுக்கத்தான் என்று எங்கள் கடையில் ஒருவர் சத்தியம் செய்வார். அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை, நேரம் போதாமல்தான் அப்படிச் செய்கிறார்கள். குறிப்பிட்ட பாட்டுதான் வேண்டும் என்றால் உங்கள் மகள் போனில் வைத்திருக்கும் பாட்டுச் செயலிக்குச் சந்தா கட்டி ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள். நியாயமாகப் பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். பணம் கட்டிச் சொந்தமாக வாங்கும் பாட்டுக் கோப்புகளும் கிடைக்கின்றன. ஆப்பிள் கம்பெனியின் ஐடியூன்ஸ் கடை இந்தியாவில் 2012 டிசம்பரில் திறந்தது, அதில் வாங்கும் பாட்டுக்குப் பூட்டும் கிடையாது.

ரேடியோவில் இருந்து பதிவு செய்வதற்கு மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டு எங்கும் கிடைக்கும். நேயர் விருப்பத்தில் உசிலம்பட்டி, சோழவந்தான், மேலூர் என்று பெயர்ப் பட்டியல் வாசிப்பது கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஒலிச்சித்திரம் கிடைக்காது. உள்ளூர்க் கலைஞர் ஒருவர் அரை மணி நேரம் வாசித்த நாதஸ்வரம் அன்றைக்குக் காற்றில் போனால் போனதுதான், எந்தக் கம்பெனியும் அதைத் தட்டாகப் போடப்போவதில்லை. என்னிடம் 1988-இல் பதிவு செய்த ஒரு கேசட் இருக்கிறது. நடுவில் ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் இருமிவிட்டு மன்னிக்கவும் என்கிறார். பாட்டை எல்லாம் இப்போது வேறு எங்கும் கேட்டுக்கொள்கிறேன், கேசட்டை அந்த இருமலுக்காக வைத்திருக்கிறேன். அதனால் அப்பாவுக்குப் பாட்டைத் தனித்தனியாக வெட்டித் தராதீர்கள். மாலை நிகழ்ச்சியை ஒரு மணி நேரமாக அப்படியே விடுங்கள். கண் தெரியாதவருக்கு நேரம் சொல்லும் குரலும் செய்தியும்கூடத் துணைதான்.

கடைசியாக ஒரு நுணுக்கம். 39-ஆம் பிரிவின் வாசகம், பதிவு செய்யும் நபரின் சொந்த உபயோகம் என்கிறது. நீங்கள் பதிவு செய்து அப்பாவிடம் கொடுத்தால் எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பவர் அதிலும் ஒரு குறை கண்டுபிடிப்பார். ஒரே வீட்டுக்குள் நடப்பதற்கு எவரும் வந்து நிற்கப் போவதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று 2012-இல் தனிச் சலுகை வந்தது. ஆனால் அது அவர்களால் படிக்க முடியாததை வேறு வடிவத்துக்கு மாற்றத்தான். பாட்டு முதலிலேயே காதுக்கானது என்பதால் அந்தச் சலுகை இங்கே ஒட்டாது. சுலபமான வழி, அப்பாவையே பதிவு செய்யச் சொல்வது. ரேடியோவின் ரெக்கார்ட் பொத்தான் மேல் எம்-சீல் என்ற ஒட்டுப் பசையை மிளகு அளவுக்கு உருட்டி ஒட்டிவிடுங்கள். ராத்திரி காயவிட்டால் காலையில் கல்லாகிவிடும், விரல் வைத்ததும் தெரியும்.